பழைய கணினியை அணைக்கும் முன்: ஆபீஸ், டேலி லைசென்ஸ்களைப் புதுக் கணினிக்கு மாற்றியபோது கற்றவை

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றது. எங்கள் அலுவலகத்தில் இருந்த மூன்று கணினிகளும் இன்டெல் ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறை தொடங்கித்தான் ஏற்கும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கும். வாடிக்கையாளர்களின் வரிக்கணக்கும் வங்கிக் கணக்கு விவரங்களும் புழங்குகிற இடம் என்பதால் தள்ளிப்போட மனம் வரவில்லை. நவம்பரில் மூன்றுக்கும் புதிது வாங்கினோம். ஃபைல்களை காப்பி செய்வது, ஆபீஸும் டேலி என்ற கணக்கு மென்பொருளும் போடுவது, அவ்வளவுதானே, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று நினைத்தேன். நான்கு முழு வேலை நாட்கள் போயின. டெக்னீஷியனுக்கு 1,800 ரூபாய், இணையத்தில் வாங்கி ஏமாந்த ஒரு ஆபீஸ் கீக்கு (லைசென்ஸை ஏற்ற அடிக்கும் குறியீடு) 899 ரூபாய், 20ஆம் தேதிக்குள் போட்டிருக்க வேண்டிய ஜிஎஸ்டிஆர் 3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்ன் மூன்று பேருக்கு இரண்டு நாள் தாமதமானதால் அபராதம் நாளுக்கு 50 வீதம் 300 ரூபாய். பணத்தைவிட, அந்த மூன்று வாடிக்கையாளர்களுக்கும் போன் போட்டுக் காரணம் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. இதில் எந்தச் சிக்கலும் தொழில்நுட்பச் சிக்கல் அல்ல. பழைய கணினி ஓடிக்கொண்டிருந்தபோது அரை மணி நேரம் உட்கார்ந்து சில விஷயங்களைப் பார்த்திருந்தால் முக்கால்வாசி வந்தே இருக்காது.

முதல் அடி டேலியில் விழுந்தது. டேலி இருந்த கணினியைக் கடைக்காரர் எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். டேட்டா ஃபோல்டரை பென் டிரைவில் எடுத்துக்கொண்டோம். கடையில் அன்று மாலையே டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டார்கள். மறுநாள் புதுக் கணினியில் டேலியின் புதிய பதிப்பான டேலிபிரைம் போட்டு, சீரியல் நம்பர் கொடுத்தால், லைசென்ஸ் வேறொரு கணினியில் ஆக்டிவாக இருக்கிறது என்கிற அர்த்தத்தில் செய்தி வருகிறது. அந்த 'வேறொரு கணினி' இப்போது உலகத்தில் இல்லை. சில்வர் லைசென்ஸ் என்பது ஒரு நேரத்தில் ஒரு கணினிக்கு மட்டும். பழையதிலிருந்து அதை 'சரண்டர்' செய்தால்தான், அதாவது விடுவித்தால்தான், புதியதில் ஏறும். டேட்டாவை எடுத்தாயிற்றே என்ற நிம்மதியில் லைசென்ஸ் என்று தனியாக ஒன்று இருப்பதே நினைவுக்கு வரவில்லை. டேலி ஃபோல்டருக்குள் ஒரு லைசென்ஸ் ஃபைல் இருக்கும், அதையும் சேர்த்து காப்பி செய்தால் போதும் என்று ஒருவர் யோசனை சொன்னார். போதாது; அந்த ஃபைல் பழைய கணினியின் வன்பொருளோடு பிணைக்கப்பட்டது, வேறு கணினியில் செல்லாது.

லைசென்ஸ் ஏறாவிட்டாலும் டேலிபிரைம் திறக்கும், 'எஜுகேஷனல் மோடு' என்ற பயிற்சி நிலையில். பழைய கணக்குகளைப் பார்க்கலாம். ஆனால் புது வவுச்சர் (கணக்குப் பதிவு) போட மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளை மட்டும்தான் ஏற்கும். நவம்பர் 18ஆம் தேதி பில்லை எந்தத் தேதியில் பதிவது? அங்கேயே வேலை நின்றது. சரி, லைசென்ஸ் பதிவான அட்மின் இமெயிலில் உள்ளே போய் ஏதாவது செய்யலாம் என்றால், பதிவான இமெயில் எங்களுடையதே அல்ல. பல வருடம் முன்பு விற்றவர், பதிவுசெய்த நாளில் தன் இமெயிலைக் கொடுத்திருக்கிறார். நாங்கள் ஒருநாளும் கவனிக்கவில்லை. கடைசியில் டேலி அங்கீகரித்த வேறொரு பார்ட்னர் (விற்பனையாளர்) மூலமாக, வாங்கிய பில், சீரியல் நம்பர், ஜிஎஸ்டி சான்றிதழ் எல்லாம் காட்டி இமெயிலை மாற்றி லைசென்ஸை மீட்க இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளுக்குள்தான் 20ஆம் தேதி கடந்துபோனது.

அதனால் டேலி வைத்திருப்பவர்கள் இதை இன்றைக்கே பாருங்கள். டேலிபிரைமில் எஃப்1 அழுத்தி, 'செட்டிங்ஸ்', அதில் 'லைசென்ஸ்' போனால் 'சரண்டர்' இருக்கும். பழைய டேலி ஈஆர்பி 9 என்றால் எஃப்12, 'லைசென்சிங்', 'சரண்டர் லைசென்ஸ்'. அது அட்மின் இமெயிலும் பாஸ்வேர்டும் கேட்கும், கணினியில் இணையம் இருக்க வேண்டும். சரண்டர் செய்ய வேண்டாம், இமெயில் யாருடையது என்று மட்டும் இப்போதே பார்த்துவையுங்கள். கணினியை மாற்றும் நாளில் வரிசை இதுதான்: டேட்டாவை பேக்கப் எடுப்பது, அதை வேறு கணினியில் திறந்து பார்ப்பது, பிறகு சரண்டர், அதன் பிறகே ஃபார்மட். புதுக் கணினிக்கு மட்டுமல்ல, பழைய கணினியையே ஃபார்மட் செய்தாலும், மதர்போர்டு மாற்றினாலும் முதலில் சரண்டர்தான். இன்னொன்று: டேலியின் புதிய ரிலீஸில் (பதிப்பில்) ஒருமுறை திறந்து மாற்றப்பட்ட டேட்டாவைப் பழைய ரிலீஸில் திறக்க முடியாது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று பழைய வடிவிலேயே ஒரு காப்பி தனியாக வைத்துவிட்டுத்தான் புதியதில் திறக்க வேண்டும்.

அடுத்து ஆபீஸ். மூன்று கணினியிலும் வேர்டும் எக்செலும் ஒரே மாதிரிதான் இருந்தன, அதனால் மூன்று லைசென்ஸும் ஒரே மாதிரி என்று நம்பிவிட்டேன். உண்மையில் மூன்றும் மூன்று ஜாதி. ஒன்று, 2022இல் கார்டாக வாங்கிய ஹோம் அண்டு பிசினஸ் 2021. இரண்டாவது, 2017இல் வாங்கிய லேப்டாப்போடு சேர்ந்தே வந்த ஹோம் அண்டு ஸ்டூடென்ட் 2016. மூன்றாவது, டேலி கணினியில் எப்போதோ ஒரு சர்வீஸ் ஆள் 'போட்டுக்கொடுத்த' ஆபீஸ். முதலாவதை மாற்றலாம். இரண்டாவதை மாற்ற முடியாது. மூன்றாவதில் மாற்றுவதற்கு எதுவுமே கிடையாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் இன்ஸ்டாலில் இறங்கியதால்தான் ஒரு முழு நாள் வீணானது.

எந்த ஜாதி என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. வேர்டைத் திறந்து 'ஃபைல்', 'அக்கவுன்ட்' போனால் வலப்பக்கம் பதிப்பின் பெயர் இருக்கும். அதற்கு மேல் தெரிய வேண்டுமானால், கமாண்ட் பிராம்ப்ட்டை (கட்டளை அடிக்கும் கருப்புத் திரை) அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்' உள்ளே 'மைக்ரோசாஃப்ட் ஆபீஸ்', அதற்குள் 'ஆபீஸ்16' ஃபோல்டருக்குப் போங்கள். 2016, 2019, 2021, 2024 நான்குக்கும் ஃபோல்டர் பெயர் அதே 16தான், குழம்ப வேண்டாம். 32 பிட் ஆபீஸ் என்றால் எக்ஸ்86 என்று முடியும் ப்ரோகிராம் ஃபைல்ஸில் இருக்கும். அங்கே ஓஎஸ்பிபி என்ற விபிஎஸ் ஸ்கிரிப்டை, சிஸ்கிரிப்ட் கட்டளையில், சாய்கோடு போட்டு 'டி'யையும் 'ஸ்டேட்டஸ்' என்பதையும் ஒட்டி ஆங்கிலத்தில் சேர்த்து ஓட்டினால் லைசென்ஸ் விவரம் பட்டியலாக வரும். அதில் 'லைசென்ஸ் டிஸ்கிரிப்ஷன்' வரியைப் பாருங்கள். 'ரீட்டெய்ல்' என்றால் கார்டாகவோ கணினியோடோ வந்தது. 'டைம்பேஸ்டு சப்' என்றால் மைக்ரோசாஃப்ட் 365 சந்தா. 'வால்யூம் எம்ஏகே' என்றால் நிறுவனங்கள் மொத்தமாக வாங்குவது. 'வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட்' என்றால் நிறுவனத்தின் சொந்த சர்வரைக் கேட்டு 180 நாளுக்குள் ஒருமுறையாவது புதுப்பித்துக்கொள்ள வேண்டிய வகை. சர்வர் என்ற ஒன்றே இல்லாத மூன்று பேர் அலுவலகத்தில் இந்த வரி வந்தால், யாரோ ஆக்டிவேட்டர் என்ற திருட்டுக் கருவியை ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் மூன்றாவது கணினியில் இதுதான் வந்திருக்க வேண்டும். ஃபார்மட் ஆகிவிட்டதால் பார்க்க முடியவில்லை, போட்டுக்கொடுத்தவரையே கேட்டுத்தான் தெரிந்தது. அந்தக் கருவி வேலை செய்ய ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். ஜிஎஸ்டி, வருமான வரி பாஸ்வேர்டு எல்லாம் இருந்த கணினியில் அது ஓடியிருக்கிறது என்று தெரிந்த அன்றே எல்லா பாஸ்வேர்டையும் மாற்றினேன்.

லேப்டாப்போடு சேர்ந்து வந்த ஆபீஸில் பலரும் ஏமாறுவது ஒரு இடத்தில். அதுவும் நம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும், ஸ்கிரிப்டிலும் 'ரீட்டெய்ல்' என்றே காட்டும், அதனால் மாற்றலாம் போலத் தோன்றும். ஆனால் கணினியோடு விற்கப்பட்ட லைசென்ஸ் அந்தக் கணினியோடு முடிந்துபோகும், விதி அப்படி. அதற்கு மேல், ஹோம் அண்டு ஸ்டூடென்ட் 2016 வீட்டுக்கும் படிப்புக்கும் மட்டும் உரியது, தொழிலுக்குப் பயன்படுத்த உரிமையே கிடையாது. எட்டு வருடம் அலுவலக பில் எல்லாம் அதில் அடித்திருக்கிறோம். லேப்டாப் வாங்கும்போது 'ஆபீஸ் ஃப்ரீ சார்' என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், எந்தப் பதிப்பு, தொழிலுக்கு ஆகுமா என்று பில் போடும் முன் கேளுங்கள். 2016க்கும் 2019க்கும் விண்டோஸ் 10 நின்ற அதே நாளில் மைக்ரோசாஃப்டின் ஆதரவு (அப்டேட்) முடிந்துவிட்டது. 2021க்கு 2026 அக்டோபர் 13 வரை, 2024க்கு 2029 அக்டோபர் 9 வரை. புதிதாக வாங்குவதா பழையதை மாற்றுவதா என்று யோசிக்கும்போது இந்தத் தேதிகளையும் வைத்துப் பாருங்கள். ஒரு வருடத்துக்குக் குறைவாக ஆதரவு மிச்சமுள்ள லைசென்ஸுக்காக இவ்வளவு மல்லுக்கட்டியிருக்க மாட்டேன், தேதியை முதலிலேயே பார்த்திருந்தால்.

மாற்றக்கூடிய அந்த ஒரே லைசென்ஸுக்கு வருகிறேன். கார்டை மேசை டிராயரில் பத்திரமாக வைத்திருந்தோம். 25 எழுத்துகள் கொண்ட கீ அதில் இருந்தது. கீ இருக்கிறது, கவலை இல்லை என்று அடித்தால், ஏற்கனவே பயன்படுத்தப்பட்டது என்கிறது. இதை நான் அப்போது அறியவில்லை: ஆபீஸ் 2013 முதல் கார்டில் இருக்கும் கீ, ஒருமுறை கிழித்துக் கொடுக்கும் கூப்பன் மாதிரி. அதைக் கொடுத்து ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கில் லைசென்ஸைப் பதிவு செய்த உடனேயே அதன் வேலை முடிந்தது. பிறகு லைசென்ஸ் வாழ்வது அந்தக் கணக்கில்தான். கணினியில் உண்மையில் ஏறும் கீ வேறு. அதனால் ஸ்கிரிப்ட் காட்டும் கடைசி ஐந்து எழுத்து கார்டில் உள்ளதோடு பொருந்தாது, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். மீண்டும் இன்ஸ்டால் செய்ய அந்தக் கணக்கில் நுழைந்து, 'சர்வீசஸ் அண்டு சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பக்கத்தில் 'இன்ஸ்டால்' அழுத்த வேண்டும். ஆக, பத்திரப்படுத்த வேண்டியது கார்டை அல்ல, எந்த இமெயிலில் பதிவு செய்தோம் என்பதை.

எங்கள் கார்டு பதிவானது முன்பு வேலை பார்த்த தம்பியின் சொந்த ஜிமெயிலில். அவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம். போன் செய்தேன். 'சார், பாஸ்வேர்டு ஞாபகம் இல்லை, ஓடிபி வந்தா சொல்றேன்' என்றார், நல்ல மனசு. அவர் எடுக்காமல் இருந்திருந்தால்? ஒரு கணக்கில் பதிவான ஆபீஸை இன்னொரு கணக்குக்கு நகர்த்த வசதி இல்லை. ஆனால் கணக்கையே கைமாற்றிக்கொள்ளலாம். அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கை அவர் வேறு எதற்கும் பயன்படுத்தவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அலுவலக இமெயிலை அதில் 'அலையஸ்' (அதே கணக்குக்கு இன்னொரு முகவரி) என்று சேர்த்து அதையே முதன்மையாக்கி, பிறகு அவர் இமெயிலையும் போன் நம்பரையும் நீக்கினோம். பழைய இமெயிலுக்கோ போனுக்கோ வரும் ஓடிபியைச் சொல்ல ஆள் இருந்தால் இது பத்து நிமிட வேலை. ஆள் இல்லாமல் பாதுகாப்பு விவரங்கள் முழுவதையும் மாற்றக் கேட்டால் 30 நாள் காத்திருக்க வைக்கும். ஊழியர் வேலையை விடும்போது சாவி, அடையாள அட்டை வாங்குவது போல, அவர் இமெயிலில் என்னென்ன பதிவாகியிருக்கிறது என்றும் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

'ஆபீஸை ஒரு கணினியில் போட்டால் அதோடு சரி, மாற்ற முடியாது' என்று இரண்டு கடையில் உறுதியாகச் சொன்னார்கள். இது எங்கிருந்து வந்தது என்றால், 2013 தொடக்கத்தில் ஆபீஸ் 2013 வந்தபோது விதி அப்படித்தான் இருந்தது. கடும் எதிர்ப்பு வந்ததால் அதே ஆண்டு மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் அதை மாற்றிவிட்டது. கார்டாக வாங்கிய லைசென்ஸை நம்முடைய இன்னொரு கணினிக்கு 90 நாளுக்கு ஒருமுறை மாற்றலாம். வன்பொருள் பழுதானால் அந்த 90 நாள் கணக்கும் இல்லை. நிபந்தனை ஒன்றுதான், பழையதிலிருந்து நீக்கிவிட வேண்டும். டேலியில் இருப்பது போல 'சரண்டர்' பொத்தான் இங்கே கிடையாது. பழைய கணினியில் ஆபீஸை அன்இன்ஸ்டால் செய்துவிட்டுப் புதியதில் ஏற்ற வேண்டியதுதான். 365 சந்தா என்றால் இன்னும் எளிது: ஒரே நேரத்தில் ஐந்து கருவிகள் வரை, பழையதை கணக்குப் பக்கத்திலிருந்தே 'சைன் அவுட்' செய்துவிடலாம், அந்தக் கணினி கையில் இல்லாவிட்டாலும்.

இந்தத் தம்பி போனில் கிடைப்பதற்கு முன்பு, அவசரத்தில், இணையத்தில் 'ஆபீஸ் 2021 ப்ரொஃபெஷனல் ப்ளஸ், வாழ்நாள் லைசென்ஸ்' என்று 899 ரூபாய்க்கு ஒரு கீ வாங்கினேன். ஏறியது. 'ப்ராடக்ட் ஆக்டிவேட்டட்' என்றும் காட்டியது. ஐந்து வாரம் கழித்து ஒரு காலை வேர்டின் மேல்பட்டை சிவந்து, அடிக்கவே விடவில்லை. விற்றவர் பதில் சொல்லவில்லை. ப்ரொஃபெஷனல் ப்ளஸ் என்பது சில்லறைக் கடையில் கார்டாக வரும் பதிப்பே அல்ல. பெரிய நிறுவனங்களுக்கோ மென்பொருள் உருவாக்குபவர்களுக்கோ கொடுத்த மொத்த கீயை யாரோ துண்டு போட்டு விற்கிறார்கள். ஒரே கீ நூறு இடத்தில் ஏறியது தெரிந்ததும் அது முடக்கப்படும். ஏறுகிறது என்பது அது நமக்குச் சொந்தம் என்பதற்கு அத்தாட்சி இல்லை. ஜிஎஸ்டி பில் தராதவரிடம் கீ வாங்காதீர்கள். அந்த பில் இருந்தால்தான் பிறகு ஏதாவது சிக்கல் என்றால் பேசவே முடியும்.

புதுக் கணினியில் இன்ஸ்டால் செய்யும் முன் ஒரு வேலை உண்டு. அதில் ஏற்கனவே மைக்ரோசாஃப்ட் 365 ட்ரையல் இருக்கும், சில சமயம் இரண்டு மூன்று மொழிகளில் தனித்தனி வரியாக. அதை அப்படியே விட்டு நம்முடையதை மேலே போட்டால், வேர்டு திறக்கும்போது ட்ரையலின் லைசென்ஸைத் தேடி, 'சந்தா முடிந்தது' என்று வந்து நிற்கும். நான் அரை நாள் இதோடு போராடினேன், கீதான் தவறு என்று நினைத்துக்கொண்டு. செட்டிங்ஸில் 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' போய், மைக்ரோசாஃப்ட் 365, ஆபீஸ் என்று தொடங்கும் எல்லா வரிகளையும் நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, பிறகே நம்முடையதைப் போட வேண்டும். கணினியின் தேதியும் நேர மண்டலமும் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். தவறாக இருந்தால் ஆக்டிவேஷன் தோற்கும், காரணத்தையும் தெளிவாகச் சொல்லாது. பழைய எக்செல் மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுப்பு), ஆட்இன் (கூடுதல் இணைப்புக் கருவி) வைத்திருப்பவர்கள் பழையது 32 பிட்டா 64 பிட்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். 2019 முதல் தானாக ஏறுவது 64 பிட். 32 பிட் ஆட்இன் அதில் ஏறாது, விண்டோஸின் உள்வேலைகளை நேரடியாக அழைக்கும் பழைய மேக்ரோக்கள் நின்றுவிடும். டவுன்லோட் பக்கத்தில் 'அதர் ஆப்ஷன்ஸ்' போனால் 32 பிட் கிடைக்கும்.

லைசென்ஸ் மாறியதும் வேலை முடிந்தது என்று நினைத்தால் மெயில் காத்திருக்கிறது. அவுட்லுக்கில் பிஓபி கணக்கு (மெயிலைக் கணினியில் இறக்கி வைக்கும் வகை) என்றால் மெயில் முழுவதும் பிஎஸ்டி என்ற ஒரே ஃபைலில், 'டாக்குமென்ட்ஸ்' உள்ளே 'அவுட்லுக் ஃபைல்ஸ்' ஃபோல்டரில் இருக்கும். அவுட்லுக்கை மூடிவிட்டு காப்பி செய்ய வேண்டும். திறந்திருக்கும்போது எடுத்த காப்பி கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். ஐமேப் கணக்கு என்றால் மெயில் சர்வரில் இருக்கிறது, புதியதில் தானாக இறங்கும், அதனால் ஒன்றும் எடுக்க வேண்டாம் என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. ஐமேப் கணக்கில் நாம் சேர்த்த கான்டாக்ட், காலண்டர் இரண்டுக்கும் பக்கத்தில் 'திஸ் கம்ப்யூட்டர் ஒன்லி' என்று போட்டிருக்கும். அதன் பொருள் அப்படியே: அந்தக் கணினியில் மட்டும். அவை இருக்கும் ஓஎஸ்டி என்ற ஃபைலை காப்பி செய்து புதியதில் திறக்கவும் முடியாது. 'ஃபைல்', 'ஓப்பன் அண்டு எக்ஸ்போர்ட்', 'இம்போர்ட் எக்ஸ்போர்ட்' போய் பிஎஸ்டியாக எக்ஸ்போர்ட் செய்துதான் எடுக்க வேண்டும், அதுவும் பழைய கணினியில் அவுட்லுக் இருக்கும்போதே. ஆபீஸை அன்இன்ஸ்டால் செய்த பிறகு நினைவு வந்து பயனில்லை. புதுக் கணினியில் விண்டோஸ் 11 தானே கொடுக்கும் 'நியூ அவுட்லுக்' வேறு, ஹோம் அண்டு பிசினஸோடு வரும் அவுட்லுக் வேறு. இரண்டுக்கும் படம் கிட்டத்தட்ட ஒன்று. எங்கள் அலுவலகத்தில் ஒரு அம்மா 'நியூ அவுட்லுக்'கைத் திறந்து, ஆறு வருட மெயில் காணோம் என்று அழாத குறை. பிஎஸ்டியைத் திறக்க, ஹோம் அண்டு பிசினஸோடு வரும் 'கிளாசிக்' அவுட்லுக்தான் சரி. அந்த ஃபைலைப் புதுக் கணினியில் 'டாக்குமென்ட்ஸ்' உள்ளே வைக்காதீர்கள்; விண்டோஸ் 11 அந்த ஃபோல்டரை ஒன்டிரைவோடு (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு) இணைத்திருக்கும், இலவச இடம் 5 ஜிபிதான், 12 ஜிபி பிஎஸ்டி அங்கே போய் ஒத்திசைவு சிக்கி நிற்கும். சி டிரைவில் தனி ஃபோல்டர் போட்டு அங்கே வையுங்கள்.

யாரும் சொல்லாத சின்னச் சின்ன ஃபைல்கள் சில உண்டு. விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, முன்னும் பின்னும் சதவீதக் குறியோடு ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில் அடித்தால் மறைந்திருக்கும் ஃபோல்டர் திறக்கும். அதில் மைக்ரோசாஃப்ட் உள்ளே 'சிக்னேச்சர்ஸ்' என்பது மெயில் கையொப்பங்கள், 'டெம்ப்ளேட்ஸ்' உள்ளே இருக்கும் 'நார்மல்' என்பது வேர்டின் அடிப்படை அமைப்பு, 'எக்செல்' உள்ளே 'எக்ஸ்எல்ஸ்டார்ட்' ஃபோல்டரில் 'பர்சனல்' என்பது எல்லா ஃபைலுக்கும் பொதுவான மேக்ரோக்கள், 'யுப்ரூஃப்' உள்ளே 'கஸ்டம்' என்பது நாம் சேர்த்த சொற்கள். மொத்தம் சில எம்பிதான் வரும். வாடிக்கையாளர் பெயர்களைப் பல வருடமாக அகராதியில் சேர்த்துவந்தவருக்கு அதன் அருமை தெரியும்.

தமிழில் கடிதம் அடிக்கிற அலுவலகங்களுக்கு ஃபான்ட் தனி வேலை. பாமினி, வானவில் அவ்வையார் போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்த வேர்டு ஃபைலைப் புதுக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து தெரியும். பாமினி என்றால் புள்ளி வரும் இடமெல்லாம் அரைப்புள்ளியாக நிற்கும். ஃபைல் கெட்டுவிட்டது என்று யாரும் அழித்துவிட வேண்டாம். ஃபான்ட் மட்டும்தான் இல்லை. பழைய கணினியின் விண்டோஸ் ஃபோல்டரில் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' எல்லாவற்றையும் எடுத்தேன், அப்படியும் இரண்டு குறைந்தது. ஏனென்றால் விண்டோஸ் 10இல் அட்மின் உரிமை இல்லாமல் ஒரு ஃபான்ட்டை இன்ஸ்டால் செய்தால் அது பயனரின் ஆப்டேட்டாவில், 'லோக்கல்' உள்ளே, மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று வேறு இடத்துக்குப் போய்விடும். இரண்டு இடத்தையும் பாருங்கள். லதா ஃபான்ட்டில் அடித்தவர்களுக்கு வேறு கதை: அது யூனிகோட் என்ற பொதுக் குறியீட்டில் இருப்பது, எழுத்து படிக்கக் கிடைக்கும், ஆனால் நிர்மலா யுஐக்கு மாறி வரிகள் நகர்ந்து பக்க எண்ணிக்கை மாறிவிடும். விண்டோஸ் 10 முதல் லதா கூடவே வருவதில்லை. செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' போய் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' சேர்த்தால் வந்துவிடும். முத்திரைத் தாளில் வரி கணக்காக அச்செடுப்பவர்களுக்கு இது முக்கியம்.

எக்செலில் ஒரு ஃபைல் இன்னொன்றிலிருந்து தொகையை எடுக்கும்படி இணைத்திருந்தால், திறந்ததும் லிங்க் கிடைக்கவில்லை என்று வரும். பழைய கணினியில் பயனர் ஃபோல்டர் பெயர் 'அட்மின்' என்று இருந்தது. புதியதில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து தொடங்கியதால், விண்டோஸ் இமெயிலின் முதல் ஐந்து எழுத்தை எடுத்து ஃபோல்டர் பெயராக வைத்துவிட்டது. பாதை மாறினால் லிங்க் அறும். 'டேட்டா' பகுதியில் 'எடிட் லிங்க்ஸ்', 'சேஞ்ச் சோர்ஸ்' என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்யலாம். நாற்பது ஃபைல் இருந்ததால் அதில் ஒரு மதியம் போனது. வேலை ஃபைல்களை முதலிலிருந்தே டி டிரைவில் வைத்துப் பழகினால் இந்தத் தொல்லை இல்லை. புதுக் கணினியில் ஒரே சி டிரைவ்தான் வரும், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அதைச் சுருக்கி டி உண்டாக்கிக்கொள்ள ஐந்து நிமிடம். ஃபைல்களை கூகுள் டிரைவ் வழியாக மாற்றியவர்களுக்கு மேக்ரோ ஃபைலில் சிவப்புப் பட்டை வந்து மேக்ரோ ஓடாது. இணையத்திலிருந்து வந்தது என்ற முத்திரை அதில் ஒட்டியிருப்பதுதான் காரணம். ஃபைலின் 'ப்ராப்பர்ட்டீஸ்' போய் 'அன்பிளாக்' டிக் செய்யவும். ஜிப்பாக இறக்கினால் பிரிக்கும் முன்பே ஜிப்பை அன்பிளாக் செய்தால் உள்ளே இருப்பவை எல்லாம் சரியாகிவிடும்.

பழைய கணினியை உடனே யாருக்கும் கொடுக்காமல் ஒரு மாதம் ஓரமாக வைக்க முடிந்தால் வையுங்கள். ஒரு மாதச் சுழற்சியில் ஜிஎஸ்டி, சம்பளம், பில் எல்லாம் ஒருமுறை புதியதில் ஓடிவிடும், விட்டுப்போனது வெளியே வந்துவிடும். எக்ஸ்சேஞ்சில் கிடைத்த தொகை எங்களுக்கு அந்த நாட்களின் நஷ்டத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. இப்போது அலுவலகத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம்: கணினியின் பெயர், அதில் உள்ள மென்பொருள், எந்த இமெயிலில் பதிவு, ஸ்கிரிப்ட் காட்டும் கீயின் கடைசி ஐந்து எழுத்து, டேலி சீரியல் நம்பர், பில் தேதி, பில் எந்த ஃபைலில். ஒரே இமெயிலில் இரண்டு மூன்று ஆபீஸ் பதிவு செய்தவர்களுக்கு அந்த ஐந்து எழுத்து அவசியம். கணக்குப் பக்கத்தில் எல்லாம் ஒரே பெயரில் வரிசையாக நிற்கும், எது எந்தக் கணினியுடையது என்று வேறு எப்படியும் பிரித்தறிய முடியாது. பாஸ்வேர்டு மட்டும் அந்தத் தாளில் இல்லை, அது பீரோவில் மூடிய கவரில் இருக்கிறது.